சம்பந்தி அனுப்பிய அலைகாட்டி

டோக்மோக்,
ஜூன் 11

மதிப்பிற்குரிய சம்பந்தி எசென்கூல் அவர்களுக்கு,

ஸலாம் அலைக்கும். நானும் பாத்மாவும் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

போன் செய்திருக்கலாம். போனில் எடுத்த எடுப்பிலேயே, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்க வேண்டும். என் மகன் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் காகிதம். நரின் போகும் ஷேர் டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என் கார்தான். அந்தப் பழைய ஜப்பான் கார். சமதரையில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மேடு ஏறி இன்ஜின் நன்றாகச் சூடானால், ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகிறது. பானட்டைத் திறந்து வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். பிளக், தீப்பொறி தரும் காயில் எல்லாம் மாற்றினேன். ஸ்கேனரைச் சொருகினால் "பிழை ஏதும் இல்லை" என்கிறது. பாத்மா சொல்கிறாள்: "ஒண்ணு காரை வித்துடுங்க, இல்ல என்னை வித்துடுங்க. ரெண்டு பேரையும் வெச்சுக் காப்பாத்த உங்களால ஆகாது."

இதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும், அதில் பார்த்தால் வயருக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்கிறார்கள். நான் சர்க்கரை ஆலையில் மூட்டை அனுப்பி ஓய்வு பெற்றவன். கார் வேலை வீட்டு முற்றத்தில் நானாகப் பழகியது. இந்தக் கருவியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நீங்கள் இயற்பியல் வாத்தியார். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். சந்தையில் ஒருவன் சோவியத் காலத்து ஆய்வகப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்னொன்று கைக்குள் அடங்குவது. அதிலேயே திரை, அதிலேயே பேட்டரி, இரண்டு சேனல். மூன்றாவது, பிஷ்கெக்கில் பட்டறையை மூடுகிற ஒருவருடையது. நான்கு சேனல், லேப்டாப்பில் மாட்ட வேண்டும். வயருக்கு வயர், கவ்விக்குக் கவ்வி தனித்தனிக் குழி வெட்டிய பெட்டியில் அடுக்கியிருந்தார். திறந்து பார்த்தேன். மூட மனசு வரவில்லை.

கார் சரியானால், பனி விழும் முன் டோலோன் கணவாய் ஏறி ஒரு தடவை நரின் வரலாம் என்று ஓர் எண்ணம். எண்ணம்தான். உங்கள் வீட்டில் எப்படி நினைப்பார்களோ. மருமகள் சாய்ரா அக்மாரலைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்ததிலிருந்து பேத்தியின் குரலை நாங்கள் கேட்கவில்லை. அவளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிட்டதா என்று பாத்மா கேட்கச் சொன்னாள்.

தங்கள்
ஜுமாதில்


நரின்,
ஜூன் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜுமாதில் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை டாக்சிக்காரர் ஒரு கூடை செர்ரியோடு கொடுத்தார். செர்ரியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் இத்துடன் எங்கள் வீட்டில் உலர்த்திய தயிர் உருண்டை, கொஞ்சம் குருத் அனுப்புகிறேன், இந்த வருடத் தயிர் நன்றாக உறைந்து உருண்டை வெள்ளையாக வந்திருக்கிறது. இதற்குப் பதிலாக நீங்கள் ஒன்றும் அனுப்பக் கூடாது. அனுப்புவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பல் விழுந்துவிட்டது. அக்மாரல் அதை ரொட்டித் துண்டுக்குள் வைத்து நாய்க்குப் போட்டாள். நாய் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பல்லைத் துப்பிவிட்டது. அன்று முழுக்க அழுகை. இப்போது "ச" வராமல் பேசிக்கொண்டிருக்கிறாள். பாத்மா அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பள்ளிக்கூடத்தில் இதை நாங்கள் அலைகாட்டி என்போம்.

உங்களிடம் மல்டிமீட்டர் இருக்கும். அது ஆண்டிறுதி மதிப்பெண் மாதிரி. ஒரு பையன் ஒருநாள் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறான், மறுநாள் மூன்று வாங்குகிறான். கடைசியில் ஏட்டில் "நான்கு, நன்று" என்று விழும். அப்பா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மூன்று வாங்கிய அன்று அவனுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அலைகாட்டி அப்படியல்ல. தினமும் அவன் பெஞ்சிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

விற்கிறவர்கள் வேகத்தைச் சொல்லித்தான் மயக்குவார்கள். இத்தனை மெகாஹெர்ட்ஸ், அத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். காருக்குள் ஓடும் சைகைகளில் பெரும்பாலானவை நிதானமானவை. செம்மறி மந்தையை எண்ணப் பந்தயக் குதிரை எதற்கு? அதைவிட, கருவி எவ்வளவு நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். வகுப்பில் மைக்கூடு உடையும். சத்தம் கேட்டு நாம் திரும்பினால் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். உடைவதற்கு முந்தின நொடியைத்தான் பார்க்க வேண்டும். நினைவு உள்ள கருவிதான் அதைக் காட்டும். சந்தைக்காரனின் சோவியத் பெட்டி மாதிரி ஒன்று என் பள்ளியிலும் இருந்தது. பச்சைக் கோடு அழகு. ஆனால் இப்போது நடப்பதை இப்போதே காட்டும், அடுத்த நொடி மறந்துவிடும். அது வேண்டாம்.

சேனல் என்பது கண். உங்கள் வண்டி நிற்கும்போது பெட்ரோலும் நிற்கிறது, தீப்பொறியும் நிற்கிறது. எல்லாம் ஒன்றாக நின்ற மாதிரிதான் தெரியும். எது முதலில் நின்றது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு கண் போதாது.

காயில் பக்கம் போகும்போது கவனம். பன்னிரண்டு வோல்ட்தானே என்று நம்பி மாட்டுவீர்கள். மின்சாரத்தை வெட்டும் நொடியில் சில நூறு வோல்ட் உதைக்கும். சாதுவான குதிரை சேணம் அவிழ்க்கும்போது உதைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. உதையைக் குறைத்து உள்ளே விடும் இணைப்பு ஒன்று உண்டு. அது இல்லாமல் தொட்டால் புதுக் கருவி முதல் நாளே போய்விடும்.

மீதி இரண்டில், அந்த நான்கு சேனல் பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றி என்ன சொல்வது! நான்கு கண், நீண்ட நினைவு, வயரை வெட்டாமல் மேலே கவ்வியே மின்னோட்டத்தைப் பார்க்கலாம். என் காலத்தில் அப்படி ஒன்று என் ஆய்வகத்தில் இருந்திருந்தால் பாதிப் பையன்கள் மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். நானும் போயிருக்க மாட்டேன். லேப்டாப்பின் பெரிய திரையில் அந்த அலைகள் நான்கும் வரிசையாக நகர்வதைக் கற்பனை செய்தாலே ஆசையாக இருக்கிறது. நல்ல கண் உங்களுக்கு.

நரின் வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்
எசென்கூல்


டோக்மோக்,
ஜூலை 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

டாக்சிக்காரர் ஒரு பெட்டி கொண்டுவருவார். பக்குவமாக இறக்குங்கள், கண்ணாடி மாதிரி.

உங்கள் கடிதத்தைப் பாத்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல் விஷயம் வந்ததும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் கேட்டாள்: "ஏங்க, உங்களுக்கு மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மனுஷன் எப்படி உருகி எழுதியிருக்கார். சம்பந்தி ஒரு பொருளைப் புகழ்ந்தா என்ன அர்த்தம்? 'எனக்குக் குடு'ன்னு அவர் வாயைத் திறந்து கேப்பாரா?" எனக்கு வெட்கமாகிவிட்டது. வாத்தியார் ஆசையாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு எழுதிய பிறகும் எனக்குப் புரியவில்லை பாருங்கள்.

மறுநாளே பிஷ்கெக் போய் வாங்கிவிட்டேன். கவ்விகள், காயில் இணைப்பு எல்லாம் உள்ளே இருக்கிறது. உங்கள் முதுமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும்.

என் காருக்கு என்ன அவசரம்? மேட்டில் ஏறாமல் இருந்தால் போயிற்று.

தங்கள்
ஜுமாதில்


நரின்,
ஜூலை 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அல்லாவே, என்ன செய்துவிட்டீர்கள்!

பெட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். நான் புகழ்ந்தது எனக்காக அல்ல. "மூட மனசு வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். சம்பந்தி மனசு வைத்த பொருளை "வேண்டாம்" என்று எந்த நாக்கால் சொல்வது? உள்ளுக்குள் நினைத்தது வேறு. முதல் கருவிக்கு அந்தக் கையடக்கமானதே போதும். இரண்டு சேனலால் உங்கள் காரின் கோளாறைப் பிடித்துவிடலாம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி ஓட வேண்டாம், எண்ணெய்க் கையோடு தொடலாம், பழகி முடித்த பிறகு பெரியதைப் பற்றி யோசிக்கலாம். என் மாணவனாக இருந்தால் முதல் வரியிலேயே இதை எழுதியிருப்பேன். சம்பந்தியாகப் போய்விட்டீர்கள். மரியாதை பார்த்து வாயை மூடினேன், அதன் பலன் இதோ: கருவி வேண்டியவரிடம் கார் மட்டும் இருக்கிறது, கார் வேலை தெரியாதவனிடம் கருவி இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. மறைத்தால் தப்பு. மாலையில் சாய்ரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"யாரு அனுப்புனது?"

"டோக்மோக்லேர்ந்து."

"திருப்பி அனுப்பிடுங்கப்பா."

"அம்மாடி, சம்பந்தி குடுத்ததைத் திருப்பி அனுப்புறதுன்னா என்ன அர்த்தம்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். இன்னிக்குப் பெட்டி வரும். நாளைக்கு நாலு பெரிய மனுசங்க தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து, 'பேத்தி எங்க வம்சம், எங்க பேரு, எங்ககிட்டதான் வளரணும்'பாங்க. பக்கத்து வார்டு நர்ஸுக்கு அப்படித்தான் நடந்துச்சு. அவ புள்ளையைப் பாத்து ரெண்டு வருசம் ஆகுது."

ஊர் வழக்கம் அதுதான் என்பது எனக்கும் தெரியும்.

திருப்பி அனுப்பினால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் புல் முளைத்துவிடும். அதை நான் செய்ய மாட்டேன். அவளுக்குப் பிடிக்காத பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடவும் மாட்டேன். பெட்டி பிரிட்ஜ் மேல் அப்படியே இருக்கிறது. அக்மாரல், "தாத்தா, அதுக்குள்ள என்னா?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள்.

நீங்கள் இங்கே வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வீடு என்னுடையது மட்டும் அல்ல. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எசென்கூல்


டோக்மோக்,
ஜூலை 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாத்மாவுக்குப் பாதிதான் வாசித்தேன். மீதியை அவளே வாங்கி வாசித்தாள்.

மகன் தாலாய் ரஷ்யாவில் யெகதெரின்பூர்கிலிருந்து பேசினான். அங்கே அவனுக்கு இன்னொரு வீடு, அந்த வீட்டில் ஒரு தொட்டில். இது ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது. "கொஞ்ச நாளாச்சுன்னா எல்லாம் சரியாயிடும்பா" என்கிறான். எது சரியாகும் என்று அவனுக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம் என்று கல்யாணத்தில் கோப்பையைத் தூக்கிச் சொன்னது நான்தான். நூறு வருஷத்தை என் மகன் ஏழு வருஷத்தில் முடித்துவிட்டான். ஆயிரத்தை நான் எந்த முகத்தோடு கேட்பது?

சாய்ரா பயப்படுவது நியாயம். போன மாதம் பாத்மாவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். "போய்க் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, நம்ம ரத்தம் அடுத்தவன் வீட்டுல வளரலாமா?" என்று பெரியவர் ஆரம்பித்தார். பாத்மா எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெரியவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

என் முன்னால் மேசையில் ரொட்டி இருக்கிறது. அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். அக்மாரலைக் கேட்டு நான் வரமாட்டேன். என் வீட்டிலிருந்து யாரையும் அனுப்பமாட்டேன். என் மகனே வந்து நின்றாலும் அவனுக்குத் துணையாக நரின் ரோட்டில் கால் வைக்கமாட்டேன். இதில் தவறினால் இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்.

பார்க்க ஆசை இருக்கிறது. அதை இல்லை என்று எழுதினால் ரொட்டி மேல் வைத்த கை சும்மா இருக்காது. ஆனால் சாய்ரா வாயால் "வாங்க" என்று வராமல் உங்கள் வாசலில் நிற்கமாட்டேன். பெட்டி பிரிட்ஜ் மேலேயே இருக்கட்டும். பேத்தி கேட்டால், டோக்மோக் தாத்தா ஒரு கண்ணாடி அனுப்பியிருக்கிறார், அதில் முகம் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஜுமாதில்


நரின்,
செப்டம்பர் 4

அன்புள்ள சம்பந்தி ஜுமாதில் அவர்களுக்கு,

பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் உண்டு. எழுதுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சாய்ராவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து, வெள்ளை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, யோசிக்கிற பிள்ளையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். ஜூலை கடைசி முழுக்க, ஆகஸ்ட் முழுக்க நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய ரஷ்யக் கார் இழுவை இல்லாமல் திணறியது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். உங்களுக்குத் தெரியும், பாடம் வேறு, ஸ்பேனர் வேறு. சாய்ரா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் பார்த்திருப்பாள்.

"இப்படியே நின்னா அது தானா பேசுமாப்பா?"

"பேச வைக்கிற கருவி ஒண்ணு வீட்டுல இருக்கு. ஆனா அதுக்கு உன் லேப்டாப் வேணும்."

உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் பெட்டி. தூசியைத் துடைத்திருந்தாள்.

பேட்டரியிலிருந்து போகும் தடிமனான வயரில் கவ்வியை மாட்டினேன். தீப்பொறி போகாமல் காயில் வயரை உருவிவிட்டு, அக்மாரலைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இன்ஜின் கிளம்பாமல் வெறுமனே சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் முக்கிக்கொண்டு கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அது திரையில் ஒரு மேடாக வரும். நான் இதை விளக்க வாயைத் திறக்கும் முன்பே சாய்ரா திரையின் மேல் குனிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் பார்ப்பதும் நாள் முழுக்க இதயம் வரைகிற கோடுதானே.

"அப்பா, நாலு மேட்டுல ஒண்ணு மட்டும் குட்டையா வருது. திரும்பத் திரும்ப அதே இடத்துல. இது ஒரு ஆளா இருந்தா நான் இப்பவே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்."

"அந்தச் சிலிண்டர் அழுத்தம் பிடிக்கல. வால்வாத்தான் இருக்கும்."

"அம்மா, காருக்கு ஊசி போடுவியா?" என்றாள் அக்மாரல். "போதவே போதாதுடி, தாத்தா காருக்கு ஆபரேசனே பண்ணணும்." நீண்ட நாளைக்குப் பிறகு சாய்ரா சிரித்துக் கேட்டேன், சம்பந்தி.

பிறகு கவ்வியைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "டோக்மோக் கார் எங்கே நிக்குதாம்?"

"மேடு ஏறும்போது. இன்ஜின் சூடானா."

"அந்தக் காரை வெச்சுக்கிட்டு டோலோன் ஏறப் போறாரா? எதிர்ல நிலக்கரி லாரி வரும். வளைவுல செத்துச்சுன்னா என்ன பண்ணுவார்?" கொஞ்ச நேரம் வயரைச் சுற்றினாள். "கணவாய்க்கு முன்னாடி சாரி-புலாக்ல கண்டிப்பா நிறுத்தச் சொல்லுங்க. சாப்பிட்டு, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் மேல ஏறட்டும். காலையிலேயே கிளம்பணும், இருட்டுல வேணாம். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காம எடுத்துக்கச் சொல்லுங்க. அத்தைதான் எப்பவும் எடுத்துக் குடுப்பாங்க, இவருக்குத் தானா ஞாபகம் வராது."

"வாங்க" என்ற சொல் வரவில்லை. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், இதற்கு முழு மதிப்பெண் போடலாம்.

பெட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே கார்தான் வர வேண்டும். பனி விழும் முன் வாருங்கள்.

எசென்கூல்


டோக்மோக்,
அக்டோபர் 6

அன்புள்ள சம்பந்தி எசென்கூல் அவர்களுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். கணவாயில் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, கார் ஒரு தடவைகூட இருமவில்லை. நரின் கடையில் வாங்கி மாட்டிய கிராங்க் சென்சார் வேலை செய்கிறது.

நாங்கள் மூவரும் காரைச் சூடாக்க மேட்டு ரோட்டுக்குப் போனபோது நீங்கள் விருந்துக் கறியோடு அடுப்படியில் இருந்தீர்கள். திரும்பி வந்ததும், "என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். "சென்சார்" என்றேன். அதற்கு மேல் நீங்களும் கேட்கவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. வாயில் வராதது இப்போது கையில் வருகிறது.

சாய்ரா பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். அக்மாரல் அவள் மேல் சாய்ந்துகொண்டு, கோடு எல்லாம் ஓடுவதைப் பார்த்து, "புழு, புழு" என்று கத்திக்கொண்டிருந்தாள். இன்ஜின் சுற்றுவதை எண்ணிச் சொல்லும் கிராங்க் சென்சார், காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், பேட்டரி என நான்கு கோடு. மேடு ஏற ஏற, பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினேன்.

"விடாதீங்க மாமா, மிதிங்க. சாகட்டும்."

அவள் "மாமா" என்றதில் நான் கியரைத் தப்பாகப் போட்டேன். கடைசி வளைவைத் தாண்டியதும் வழக்கம்போல இன்ஜின் செத்தது. நான் ஓரமாக உருட்டி நிறுத்துவதற்குள் பின்னாலிருந்து சத்தம்: "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு மாமா, வந்து பாருங்க!"

திரையைப் பின்னால் நகர்த்திக் காட்டினாள். சீப்புப் பல் மாதிரி வரிசையாக வந்துகொண்டிருந்த சென்சாரின் மேல்கோடு ஓர் இடத்தில் சட்டென்று படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் காயில் ஒரு தடவை அடித்திருக்கிறது. இன்ஜெக்டரும் ஒரு தடவை தெளித்திருக்கிறது. பிறகுதான் அவையும் நின்றன. பேட்டரிக் கோடு அசையவே இல்லை. நான் மாற்றிய பம்ப், காயில் எல்லாம் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. சூட்டில் சென்சாருக்குள் கம்பி விட்டுப்போகிறது, ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கிறது.

இன்ஜின் ஆறும் வரை ரோட்டோரம் நின்றோம். அக்மாரல் குருத்தை வாயில் அடக்கிக்கொண்டு கல் பொறுக்கப் போனாள். சாய்ரா திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நானும் இத்தனை மாசமா இதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன் மாமா. எது முதல்ல நின்னுச்சு, எது அதுக்கப்புறம்னு. அப்போ எல்லாம் ஒண்ணா நின்னுபோன மாதிரி இருந்துச்சா, எல்லார் மேலயும் கோவம் வந்துச்சு. உங்க மேலயும், அத்தை மேலயும்." காயில் கோட்டையும் இன்ஜெக்டர் கோட்டையும் விரலால் தொட்டாள். "நீங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அடிச்சிட்டுத்தான் இருந்தீங்க."

நான் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது.

இனி நீங்களும் பார்த்தது. கிளம்பும்போது முற்றத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் உள்ளேயிருந்து துணிப்பொட்டலம் கொண்டுவந்தாள். சம்பந்தியைப் புது உடுப்புப் போர்த்தாமல் எந்த வீட்டிலும் அனுப்புவதில்லை. ஆனால் அறுந்துபோன சம்பந்தத்துக்கு அந்தக் கடன் கிடையாது, அதனால் நான் எதிர்பார்த்து நிற்கவில்லை. அவள் பிரித்தது வழக்கமான வெல்வெட் அங்கி அல்ல. நீல நிற மெக்கானிக் உடுப்பு, உடம்பெல்லாம் பை. நீங்கள் சிரித்தீர்கள், வேலிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முறைப்படி இரண்டு கையாலும் என் தோளில் போட்டாள். பொத்தான் போட்டுவிடும்போது என் காதோடு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது:

"குளிர்கால லீவுக்கு அவளை நானே டோக்மோக் கூட்டிட்டு வரேன். நானே இருந்து, நானே திரும்பக் கூட்டிட்டுப் போவேன். அத்தைகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். பாத்மா பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்காமல், "நிஜமா? அவளே சொன்னாளா? அவ வாயால?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "அதைக் கழட்டிக் குடுங்க. பெட்டியில வைக்கணும். பண்டிகைக்குப் போட்டுக்கலாம்."

நான் கழற்றிக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரனின் கார் கிளம்ப மாட்டேன் என்கிறதாம், இப்போது அதன் அடியில் படுக்கத்தான் போகிறேன். வலது முழங்கையில் ஏற்கெனவே எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. சாய்ராவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

உங்கள் சம்பந்தி
ஜுமாதில்